மாறுகின்ற நிர்மாணத் துறையும் தலைமைத்துவமும் – யாழ்ப்பாணத்து வீடுகளை முன்வைத்து

மாணவர்களே,

திட்டமிடல், ஒழுங்கமைத்தல், வழிநடத்தல், கட்டுப்படுத்தல் ஆகிய நான்கு முகாமைத்துவக் கருமங்களையும் நீங்கள் ஏற்கெனவே கற்றிருப்பீர்கள். இவற்றுள் வழிநடத்தல் என்னும் கருமத்துக்கு உயிராக இருப்பது தலைமைத்துவம் ஆகும். பரீட்சையிலே "தலைமைத்துவம் என்றால் என்ன?" என வினவினால் பெரும்பாலானோர் வரைவிலக்கணத்தைச் சரியாக எழுதிவிடுகின்றனர். "மாற்றத்தை எதிர்கொள்வதில் தலைமைத்துவத்தின் பங்கினை உதாரணத்துடன் விளக்குக" என்று வினவினாலோ விடை தள்ளாடத் தொடங்குகிறது. ஏதோ ஓர் அமெரிக்கக் கம்பனியின் பெயரை எழுதிவிட்டு, அதைப்பற்றி இரண்டாவது வரி எழுத முடியாமல் நிற்போர் பலர்.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நீங்கள் இருந்து படிக்கின்ற வீட்டின் சுவரையே ஒருமுறை பாருங்கள். அது எந்தக் கல்லால் கட்டப்பட்டது, எந்த ஆண்டிலே கட்டப்பட்டது, கட்டுவதற்கான காசு எங்கிருந்து வந்தது, எப்படிக் கட்டவேண்டும் என்று தீர்மானித்தவர் யார் ஆகிய நான்கு கேள்விகளையும் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையை வாசித்து முடிக்கும்போது அந்த நான்கு விடைகளும் உங்களுக்குப் பயன்படும்.

ஒரு பொதுவான குறிக்கோளை அடையும்பொருட்டுப் பிறரைத் தம் விருப்பத்துடன் செயற்பட வைக்கும் ஆற்றலே தலைமைத்துவம் என்பதை மனத்திற் கொள்க. "தம் விருப்பத்துடன்" என்ற சொற்களை விட்டுவிட்டு எழுதுவோர்க்கு முழுப்புள்ளி கிடைப்பதில்லை. பதவியின் பலத்தால் வேலை வாங்குவது வேறு, தலைமை தாங்குவது வேறு.

சுண்ணாம்பிலிருந்து சீமெந்துக்கு

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்த நிலம். கிணறு வெட்டும்போது வெளிவருவதும் அக்கல்லே, பழைய கல்வீடுகளின் சுவரில் இருப்பதும் அக்கல்லே. வசதி குறைந்தோர் மண்சுவர் எழுப்பி ஓலையால் வேய்ந்தனர். வசதி படைத்தோர் நடுவே முற்றம் வைத்த நாற்சார் வீடுகளைச் சுண்ணக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டி, பனைமரத்தில் வளையும் சிலாகையும் ஏற்றி, ஓடு போட்டனர். சுண்ணக்கல்லைச் சூளையிலே சுட்டு, நீற்றி, மணலுடன் குழைத்துப் புளிக்க வைத்து, பின்னர் பூசுவார்கள். சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல உறிஞ்சித்தான் இறுகும். ஆகவே அக்காலத்து வேலை அவசரப்பட முடியாத வேலை. ஒரு சுவர் இறுகும்வரை மேஸ்திரியாரும் பொறுத்திருந்தார், வீட்டுக்காரரும் பொறுத்திருந்தார்.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலம் அது. சூளையிலே சுட்டால் சுண்ணாம்பாகும் அதே கல், முருங்கனிலிருந்து வந்த களிமண்ணுடன் சேர்ந்து சீமெந்தாயிற்று. மூலப்பொருள் பழையதுதான், ஆனால் வேலைமுறை முழுவதும் மாறியது. தண்ணீர் பட்ட சில மணித்தியாலங்களுக்குள் சீமெந்துக் கலவை இறுகத் தொடங்கிவிடும். கலவையை முதல்நாளே குழைத்து வைக்க முடியாது. கட்டி முடித்த பின் பல நாட்கள் தண்ணீர் விட்டு நனைத்து வைக்கவும் வேண்டும். சுண்ணாம்பு வேலையிலே கைதேர்ந்த ஒருவர் தமது பழக்கத்தின்படி சீமெந்தையும் கையாண்டிருந்தால் சுவர் வெடித்திருக்கும். அச்சிலே சீமெந்துக் கலவையை இட்டுக் கல் அரிகின்ற புதிய தொழில் ஒன்றும் இதனால் உருவாயிற்று. வளவிலேயே கல் அரிந்து அடுக்கிவைத்து, காசு சேரச்சேர வீடு கட்டிய குடும்பங்கள் எத்தனையோ.

இந்த முதலாவது மாற்றத்தின்போது சட்டம் போட்டு எவரும் மேசன்மாரை மாற்றவில்லை. புதிய முறையை முதலிலே கற்றுக்கொண்டவரிடம் வேலை போயிற்று, மற்றவர்கள் அவரைப் பார்த்துப் பழகினார்கள். முன்மாதிரியாக இருத்தல் தலைமைத்துவத்தின் ஒரு பண்பு என்று பாடநூலில் ஒரு வரியிலே படிப்பது இதனைத்தான்.

சீமெந்து தடைப்பட்ட காலம்

1990இல் மீண்டும் போர் மூண்டபோது காங்கேசன்துறைத் தொழிற்சாலை நின்றுபோனது. குடாநாட்டுக்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிலே சீமெந்தும் இரும்புக் கம்பியும் சேர்ந்தன. சீமெந்துத் தொழிற்சாலையைத் தன் மண்ணிலே வைத்திருந்த ஒரு மாவட்டத்திலே ஒரு பை சீமெந்து அரும்பொருளாயிற்று என்பதை எண்ணிப்பாருங்கள்.

அக்காலத்திலே வீடுகள் உடைந்துகொண்டும் இருந்தன, மக்கள் இடம்பெயர்ந்துகொண்டும் இருந்தனர். கட்டுவோர் என்ன செய்தனர்? இடிந்த வீட்டின் கற்களைப் பொறுக்கி எடுத்து மீண்டும் கட்டினர். பழைய கம்பியை நிமிர்த்திப் பயன்படுத்தினர். சுண்ணாம்பையும் களிமண்ணையும் கிடுகையும் நாடினர். மறந்துபோன சுண்ணாம்புக் கலவையின் பக்குவத்தைச் சொல்லித்தர முதிய மேசன்மார் தேவைப்பட்டனர். புதுமையை ஏற்பது மட்டுமே மாற்றத்துக்கு இசைவாதல் என்று எழுதும் மாணவர்கள் இதனைக் கவனிக்க. சில வேளைகளில் பழைய அறிவை மீட்டெடுப்பதும் இசைவாதலே ஆகும்.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறக்கப்பட்டதும் லொறிகளிலே சீமெந்து வந்து இறங்கியது. 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட, மறுபடியும் தட்டுப்பாடு. 2009இல் போர் முடிந்த பின்னர் மீண்டும் திறந்தது. 1985 அளவிலே தொழிலுக்கு வந்த ஒரு மேசனை நினைத்துக்கொள்ளுங்கள். 1990, 2002, 2006, 2009, அதன்பின் பொருளாதார நெருக்கடி வந்த 2022 என்று குறைந்தது ஐந்து தடவை அவர் தமது வேலைமுறையை மாற்றியமைக்க நேர்ந்தது. அந்த ஐந்திலே ஒன்றையேனும் அவர் தாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

வணிகச் சூழல் என்னும் அலகிலே அரசியல், பொருளாதார, சமூக, தொழினுட்பக் காரணிகளை வெளிச்சூழல் எனப் படித்தீர்கள் அல்லவா? வெளிச்சூழலை ஒரு நிறுவனத்தாற் கட்டுப்படுத்த முடியாது. கட்டுப்படுத்த முடியாததை அறிந்து, தம் கையில் இருப்பதை மாற்றிக்கொள்ளும் முடிவை எடுப்பவரே அங்கு தலைவர்.

காசு வந்தபோது

போர் முடிந்த பின்னர் தடை நீங்கியது. அடுத்து எழுந்த வினா, வீடற்றவர்களுக்கான வீட்டை யார் கட்டுவது என்பதாகும். இந்தப் பாடத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. ஆகவே சற்று ஆறுதலாக நோக்குவோம்.

இந்திய அரசாங்கம் 2010இல் 50,000 வீடுகளுக்கான உதவியை அறிவித்தது. முதலில் வடமாகாணத்திலே 1,000 வீடுகள் முன்னோடித் திட்டமாக ஒப்பந்தகாரர் மூலம் கட்டப்பட்டு 2012இல் நிறைவுபெற்றன. இம்முறையிலே வரைபடம், மூலப்பொருள், வேலையாட்கள் எல்லாவற்றையும் கட்டுபவரே தீர்மானிப்பார். பயனாளி முடிந்த வீட்டின் திறப்பை வாங்கிக்கொள்வார்.

அடுத்த கட்டத்திலே முறை மாற்றப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் ஏறத்தாழ 45,000 வீடுகள் உரிமையாளர் தாமே கட்டும் முறையிலே அமைந்தன. இக்கட்டம் 2012 ஒக்டோபர் 2ஆந் திகதி, காந்தி பிறந்த நாளிலே தொடக்கி வைக்கப்பட்டது. புதிய வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா பயனாளிக்குக் கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. வீட்டின் அளவு ஏறத்தாழ 550 சதுர அடி. அத்திவாரம் முடிந்ததா, சுவர் எழும்பியதா, கூரை ஏறியதா என்று தொழினுட்ப உத்தியோகத்தர் பார்த்து உறுதிசெய்த பின்னரே அடுத்த தவணை வரும். ஐக்கிய நாடுகள் குடியிருப்பு நிறுவனம், செஞ்சிலுவைச் சங்கம், தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை முதலியவை இதனை நடைமுறைப்படுத்தின.

இம்முறை முற்றிலும் புதியதன்று. 2001இல் குஜராத் பூகம்பத்தின் பின்னரும், 2004 ஆழிப்பேரலையின் பின்னர் எமது நாட்டிலும் இது கையாளப்பட்டது. இதன் அடிப்படையான எண்ணம், வீட்டில் வாழப்போகிறவரே அதைப்பற்றி முடிவெடுத்தால் அதைச் சிக்கனமாகவும் அக்கறையுடனும் கட்டுவார் என்பதாகும். யாழ்ப்பாணத்திலே அது பெருமளவு மெய்யாயிற்று. சாமியறை எந்தப் பக்கம், அடுப்படி எந்த மூலை, கிணற்றடிக்குப் போகும் வாசல் எது என்பனவற்றை வீட்டுக்காரரே சொல்லக்கூடியதாக இருந்தது. உறவினரும் அயலாரும் வேலைக்கு வந்தனர். ஊர் மேசன்மாருக்கு வேலை கிடைத்தது, காசு ஊருக்குள்ளேயே சுழன்றது. கல் அரிவதிலும் கட்டட வேலையிலும் பெண்கள் பழகினர்.

ஆயினும் இந்த முறையைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் விடை அரைகுறையாகவே இருக்கும். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே காலத்திலே கட்டத் தொடங்கியபோது மணலுக்கும் கல்லுக்கும் மேசன்மாருக்கும் கேள்வி உயர்ந்தது. நிரம்பல் அவ்வளவு வேகமாக உயரவில்லை. விளைவு என்னவென்று உங்களுக்குத் தெரியும்: விலையும் கூலியும் ஏறின. ஐந்தரை இலட்சம் போதாமற் போகவே பலர் கடன்பட்டனர், நகையை அடைவு வைத்தனர். வீட்டில் ஆண்துணையில்லாத பெண்களுக்குச் சுமை இரட்டிப்பாயிற்று. பகலில் கூலிவேலைக்குப் போகவும் வேண்டும், வளவில் இறக்கிய சீமெந்தைக் காவல் காக்கவும் வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது எங்கள் ஊர்ப் பழக்கம் பற்றியது, ஆதலால் சொல்லத்தான் வேண்டும். 550 சதுர அடி என்று வரைபடம் சொன்னாலும், "பிறகொரு காலத்தில் பிள்ளைகளுக்கு உதவும்" என்று அத்திவாரத்தைப் பெருப்பித்தவர்கள் இருந்தார்கள். வீட்டு முன்புறத்துக்கு ஒரு விறாந்தை, அதற்கு இரண்டு தூண் என்று வேலை நீளும். இப்போது ஒரு மேசனின் நிலையை எண்ணிப்பாருங்கள். அத்திவாரம் பெருத்தால் அவருக்குக் கூலி கூட. ஆனாலும் அவர், "அக்கா, அத்திவாரத்தைப் பெருப்பிச்சால் கூரைக்குக் காசு காணாது. முதலில இந்த அளவில முடியுங்கோ, பின்னுக்குக் கூட்டிக் கட்டலாம்" என்று சொன்னால், அவர் அந்தக் குடும்பத்தைக் கடனிலிருந்து காக்கிறார். தமது இலாபத்துக்கு எதிரான உண்மையை உரிய நேரத்திலே சொல்லுதல் தலைமைத்துவப் பண்புகளுள் கடினமானது. பாடநூல் இதனை நேர்மை என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறது.

இரும்பு வீடுகள் பற்றிய விவாதம்

2015இன் பிற்பகுதியில் அரசாங்கம் வடக்கு, கிழக்கிலே 65,000 வீடுகளை, முன்கூட்டியே தயாரித்த உருக்குப் பகுதிகளைப் பொருத்திக் கட்டும் திட்டத்தை முன்வைத்தது. ஆர்செலர்மிட்டல் என்னும் பன்னாட்டு உருக்கு நிறுவனம் இதற்குத் தெரிவாகியது. வீடொன்றின் செலவு தொடக்கத்திலே ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா எனக் கூறப்பட்டது. மாதிரி வீடுகளும் யாழ்ப்பாணத்திலே அமைத்துக் காட்டப்பட்டன.

திட்டத்துக்குச் சார்பான நியாயம் ஒன்று இருந்தது. வீடில்லாதோர் தொகை பெரிது, மேசன்மார் தொகை சிறிது. பொருத்து வீடு விரைவாக முடியும். பார்ப்பதற்கும் பளிச்சென்று இருந்தது. சிலர் விரும்பி விண்ணப்பிக்கவும் செய்தனர். மழைக்கு ஒழுகும் கொட்டிலிலே ஆண்டுக்கணக்காக இருந்தவர்கள் "எந்த வீடென்றாலும் தாருங்கள்" என்று கேட்டதை எவரும் குறைசொல்ல முடியாது.

எதிர்த்தோரின் நியாயங்களும் வலுவானவையே. மக்கள் பிரதிநிதிகளும் சமூக ஆய்வாளரும் மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர் சிலரும் இதனை ஆராய்ந்து கருத்துரைத்தனர். எமது வெப்பத்துக்கு இந்த வீடு எவ்வளவு பொருந்தும்? விறகு அடுப்பு வைப்பதற்கு இடம் எங்கே? அத்திவாரம் போதிய பலமுடையதா? பின்னர் ஓர் அறையைக் கூட்டிக் கட்ட ஊர் மேசனால் முடியுமா? கடற்காற்று வீசும் இடத்திலே உலோகம் எத்தனை ஆண்டு நிற்கும்? இவையெல்லாம் எழுந்த கேள்விகள். செலவு பற்றிய கேள்வி எல்லாவற்றிலும் கூர்மையானது. அந்தக் காசில் ஏறக்குறைய அரைப்பங்கைக் கொண்டே கல்வீடு கட்டலாம், எஞ்சிய காசில் மேலும் பலருக்கு வீடு கொடுக்கலாம், வேலையும் ஊராருக்கே கிடைக்கும் என்று அவர்கள் வாதிட்டனர். முடிவில் 65,000 என்ற அந்தத் திட்டம் அந்த உருவிலே நிறைவேறவில்லை.

இவ்விடத்திலே மாணவர்கள் ஒரு தவறு செய்வதுண்டு. "யாழ்ப்பாண மக்கள் மாற்றத்தை விரும்பாதவர்கள், ஆகவே எதிர்த்தனர்" என்று எழுதிவிடுவார்கள். முன்கூட்டியே வார்த்த பகுதிகளைப் பொருத்திக் கட்டும் முறை தன்னளவில் கெட்டதன்று. சிங்கப்பூரின் அரச தொடர்மாடி வீடுகள் பெருமளவுக்கு அம்முறையிலேயே எழுகின்றன. எமது ஊரிலும் கொங்கிறீற்றுத் தூண்களையும் கதவு நிலைகளையும் வார்த்து விற்போரிடம் வாங்கிப் பொருத்துகிறார்கள், அதற்கு ஒருவரும் எதிர்ப்புக் காட்டவில்லை. சுண்ணாம்பிலிருந்து சீமெந்துக்கும், ஓலையிலிருந்து ஓட்டுக்கும், ஓட்டிலிருந்து தகட்டுக்கும் மாறிய மக்களை மாற்றத்துக்கு அஞ்சுவோர் என்பது பொருந்தாது. எழுந்த சிக்கல், முடிவு எடுக்கப்பட்ட பின்னரே அதில் வாழப்போகிறவரிடம் கருத்துக் கேட்கப்பட்டது என்பதிலேயே பெரிதும் தங்கியிருந்தது. மாதிரி வீட்டை முதலிற் கட்டி, ஒரு கோடையும் ஒரு மாரியும் சில குடும்பங்களை அதில் இருத்தி, குறைகளைக் கேட்டபின் தொகையைத் தீர்மானித்திருந்தால் விவாதம் வேறு விதமாக நடந்திருக்கும் என்பது எனது கருத்து. நீங்கள் வேறு கருத்துக் கொண்டால் காரணத்துடன் எழுதுங்கள். காரணம் சரியாயிருந்தால் புள்ளி உண்டு.

சுவருக்குள்ளே ஓட்டை விடலாமா?

மக்களிடம் சொல்லிக் காட்டிச் செய்த ஒரு மாற்றத்தையும் நோக்குவோம். உரிமையாளர் தாமே கட்டும் திட்டங்களின்போது வடக்கிலே செலவு குறைந்த சில கட்டுமுறைகள் அறிமுகப்படுத்தப்பட்டன. அவற்றுள் ஒன்று எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பிலே நிறுத்தி, இரண்டு வரிசைக்கும் இடையே வெற்றிடம் விட்டுக் கட்டுவதே இம்முறை. கேரளத்திலே கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதனைப் பரவலாக்கினார். ஒன்பது அங்குலச் சுவருக்கு வேண்டிய கல்லில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு மிஞ்சும், சாந்தும் குறையும். நடுவிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுப்பதால் வீடும் குளிர்மையாக இருக்கும்.

இதை முதன்முதல் கேட்கும் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? "தம்பி, சுவருக்குள்ள ஓட்டை விட்டால் பாம்பு பூச்சி குடியிருக்காதே? சுவர் பாரம் தாங்குமே?" இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடுகிற உத்தியோகத்தர் தோற்றுப்போவார். ஐயம் நியாயமானது. வெற்றிடம் உள்ளேயே மூடப்பட்டிருக்கும், அத்திவார மட்டத்திலும் யன்னலின் கீழும் மேலும் நிறைகட்டாக வரிசை வைக்கப்படும் என்று விளக்க வேண்டும். விளக்கினால் மட்டும் போதாது, ஊரிலே ஒரு சுவரைக் கட்டிக் காட்டவும் வேண்டும்.

குர்ட் லெவின் என்னும் அறிஞர் மாற்றத்தை மூன்று படிகளாகக் காட்டினார். முதலில் உறைந்திருக்கும் பழக்கத்தை இளக்குதல், அடுத்து மாற்றுதல், பின்னர் புதிய பழக்கத்தை மீண்டும் உறையச் செய்தல் என்பனவாகும். ஐயத்தைக் கேட்டு விடைசொல்வது முதலாவது படி. மேசன்மாரைப் பயிற்றி, மாதிரிச் சுவர் கட்டுவது இரண்டாவது படி. மூன்றாவது படியிலேதான் எங்களிடம் பெரும்பாலும் கோட்டை விடப்படுகிறது. திட்டம் முடிந்ததும் பயிற்சியும் நின்றுவிடும், மேசனும் பழைய முறைக்கே திரும்பிவிடுவார். அத்துடன் குடாநாட்டு மண் செங்கல்லுக்கு ஏற்றதன்று. செங்கல்லைத் தூர இடத்திலிருந்து ஏற்றிவரும் செலவு, மிச்சம்பிடித்த காசைத் தின்றுவிடலாம். நல்ல தொழினுட்பமாயினும் எந்த இடத்துக்கு நல்லது என்று பார்த்தே தலைவர் அதை ஏற்பார்.

வேலைத்தலத்திலே தலைமைத்துவப் பாணிகள்

சர்வாதிகாரப் பாணி, சனநாயகப் பாணி, தலையிடாப் பாணி என மூன்றும் பாடநூலில் உள்ளன. "இவற்றுட் சிறந்தது எது?" என்ற வினாவுக்குப் பலரும் கண்ணை மூடிக்கொண்டு சனநாயகம் என்று எழுதுவர். ஒரு கட்டட வேலைத்தலத்தைப் போய்ப் பார்த்தவர் அப்படி எழுதமாட்டார்.

கொங்கிறீற்றுத் தட்டு போடுகின்ற நாளை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையிலேயே கலவை சுழலத் தொடங்கும். இருபது பேர் வரிசையில் நிற்பார்கள். வெயில் ஏற ஏறக் கலவை இறுக்கமாகும். கை நோகும் ஒருவர் "கொஞ்சம் தண்ணி விடுங்கோ, இலகுவாய் ஓடும்" என்பார். தண்ணீரைக் கூட்டினால் கலவை ஓடும், ஆனால் இறுகியபின் பலம் குறையும். அந்த நேரத்திலே கூட்டம் கூடிக் கருத்துக் கேட்க முடியாது. தலைமை மேசன் "விடக்கூடாது" என்று ஒரே சொல்லில் முடிப்பார். தலைக்கவசம் போடாதவரைச் சாரத்தில் ஏறவிடாமல் மறிப்பதும் அத்தகையதே. உயிருக்கும் உறுதிக்கும் ஆபத்து வரும் இடத்தில் கட்டளைதான் பொருத்தமானது.

அதே மேசன், வீட்டின் வரைபடத்தைப் பற்றிக் குடும்பத்துடன் பேசும்போது கட்டளையிடலாகாது. அங்கு கேட்பதே அவர் தொழில். முப்பது ஆண்டு அனுபவமுள்ள தச்சரிடம் கூரை வேலையைக் கொடுத்தால், ஒவ்வொரு ஆணிக்கும் பக்கத்தில் நிற்கவும் தேவையில்லை. ஆகவே ஒரே நபர், ஒரே கிழமையில், மூன்று பாணிகளையும் கையாள்கிறார். சூழ்நிலைக்கேற்பப் பாணியை மாற்றுதல் என்று எழுதி, இந்த மூன்று சந்தர்ப்பங்களையும் குறிப்பிட்டால் விடை நிறைவுபெறும்.

இத்துறையிலே தொழில் செய்ய எண்ணும் மாணவர்க்கு ஒரு குறிப்பு. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அமைந்த அதிகாரசபையே ஒப்பந்தகாரரைப் பதிவுசெய்து தரப்படுத்துகிறது. சாதாரண தரத்தின் பின்னர் தொழினுட்பக் கல்லூரியிலோ பயிற்சி நிலையத்திலோ தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறலாம். கைப்பழக்கத்தால் மட்டும் தொழில் கற்ற தலைமுறையிடம் இல்லாத ஒரு கடதாசி இது. அவர்களிடம் உள்ள பக்குவம் இந்தக் கடதாசியோடு தானாக வந்துவிடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

2022உம் அதன் பின்னரும்

2021 ஒக்டோபருக்கு முன்னர் ஏறத்தாழ ஆயிரம் ரூபாவாக இருந்த 50 கிலோ சீமெந்துப் பையின் விலை, 2022இல் மூவாயிரம் ரூபாவை எட்டியது. கம்பி, ஓடு, குழாய், மின்வயர் எல்லாமே அவ்வாறு ஏறின. அரசாங்க வீட்டுத் திட்டங்களிலே தவணைப்பணம் இடைநடுவில் நின்றதால் அரைச்சுவருடன் நின்ற வீடுகளைக் குடாநாட்டிலும் காணலாம். அத்தகைய வீடொன்றுக்குள் தகரம் சாத்திக் குடியிருந்துகொண்டே சாதாரண தரப் பரீட்சை எழுதியவர்கள் உங்கள் பாடசாலையிலும் இருக்கக்கூடும்.

வேலை குறைந்தபோது சில மேசன்மார் வெளிநாடு சென்றனர். நின்றவர்கள் புதிய வீடு கட்டுவதை விடுத்து, திருத்த வேலைகளைக் கூடுதலாக ஏற்கத் தொடங்கினர். ஒரே தடவையில் முடிக்காமல், இந்த ஆண்டு ஓர் அறை, அடுத்த ஆண்டு அடுப்படி என்று பிரித்துத் திட்டமிடும் வழக்கமும் வலுத்தது. எதை முதலிற் கட்டுவது, எதைப் பிறகு விடுவது என்ற அந்தப் பேச்சு வீட்டுக்காரருக்கும் மேசனுக்கும் இடையே முற்றத்திலே நின்றபடி நடக்கிறது. உங்கள் வீட்டில் அடுத்த முறை நடந்தால் பக்கத்தில் நின்று கேளுங்கள்.

பயிற்சி வினா

ஒரு கிராமத்திலே 40 குடும்பங்களுக்கு வீட்டு உதவி கிடைத்துள்ளது. ஊரில் ஆறு மேசன்மார் மட்டுமே உள்ளனர். மழைக்காலத்துக்கு ஐந்து மாதமே இருக்கிறது. கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவராக நீங்கள் தெரிவுசெய்யப்பட்டுள்ளீர்கள்.

(அ) இங்கு நீங்கள் கட்டுப்படுத்த முடியாத காரணிகள் இரண்டும், கட்டுப்படுத்தக்கூடியவை இரண்டும் தருக.
(ஆ) யாருடைய வீட்டை முதலிற் கட்டுவது என்பதை எந்தத் தலைமைத்துவப் பாணியில் தீர்மானிப்பீர்? காரணம் கூறுக.
(இ) பொருத்து முறையிலே வேகமாகக் கட்டித்தர ஒரு கம்பனி முன்வருகிறது. ஏற்குமுன் நீங்கள் கேட்கவேண்டிய நான்கு கேள்விகளை எழுதுக.

விடைக்குறிப்பு: (ஆ) பகுதிக்குச் சனநாயகப் பாணி என்று மட்டும் எழுதினால் ஒரு புள்ளியே கிடைக்கும். கூட்டத்துக்கு வரமுடியாத விதவைத் தாயாரின் கருத்தை எவ்வாறு பெறுவீர் என்பதையும் எழுதுக. (இ) பகுதியிலே குறைந்தது ஒரு கேள்வியாவது வீட்டில் சமைக்கப்போகிறவரின் பக்கம் நின்று கேட்பதாக இருத்தல் வேண்டும்.